பூரண குணம் என்று எழுதிய போத்தல்

பதுளை பஸ் நிலையத்தில், நமுனுகுல பக்கம் போகும் பஸ்ஸின் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று நின்றபடி சித்தி என் கையில் ஒரு போத்தலைத் திணித்தார். கொண்டக்டர் விசில் அடித்தாகிவிட்டது. பஸ் மெல்ல நகரத் தொடங்கியிருந்தது. "அம்மாவுக்குக் குடு பாப்பா. காலையில ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி. கசக்கத்தான் செய்யும், ஆனா கேக்கும்" என்று கத்திக்கொண்டே மற்றக் காலையும் மேலே தூக்கிக்கொண்டார். தீபாவளிச் சாமான் வாங்க வந்த கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போயிற்று. நான் அந்தப் போத்தலை வெயிலில் உயர்த்திப் பார்த்தேன். உள்ளே பச்சை நிறப் பாணி மருந்து. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. நமுனுகுல மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். எங்கள் குடும்பம் தோட்டத்தை விட்டு ஹாலிஎல டவுனுக்கு வந்த பிறகும் அவர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலேயே இருந்தார். பிரசவம் என்றாலும் சாவு என்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். யார் வீட்டில் யாருக்கு என்ன வியாதி, யார் எந்தக் கிழமை கிளினிக் போகவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் ஒன்றை நல்லது என்று சொன்னால் அந்த மலையில் அதற்கு மறுபேச்சு கிடையாது. மருந்து விற்கும் வேன்காரர் அத்தனை பேரிலும் சித்தியைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். வேனில் வரும் போத்தல்களை அவர் லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். அதற்குப் பதிலாக, சீனி வியாதிக்காரரான சித்தப்பாவுக்கு இனாமாகப் போத்தல் கிடைக்கும். அம்மாவுக்கும் சீனி உண்டு என்பதால் தன் பங்கில் ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார்.

ஹாலிஎல பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் அப்போது பதுளையில் அரசாங்கச் சுகாதார அலுவலகம் ஒன்றில் கிளார்க். கண்ணில் படும் எதையும் மூன்று மொழியிலும் படித்துப் பார்ப்பது அந்த வேலை எனக்குத் தந்த பழக்கம். லேபிளில் சிங்களத்தில் "மூலிகைகள் கலந்த புத்துணர்ச்சிப் பானம்" என்று இருந்தது. ஆங்கிலத்திலும் அதேதான். தமிழுக்கு வந்தேன். "சீனி வியாதிக்குப் பூரண குணம். ஒரு மண்டலத்தில் கைமேல் பலன்." மறுபடி படித்தேன். சிங்களத்தில் தாகத்துக்குக் குடிப்பதாக இருந்த ஒன்று, தமிழில் எழுதும்போது வியாதியைத் தீர்க்கும் மருந்தாகியிருந்தது! மொழிபெயர்த்தவரின் தவறாக இருக்கவே முடியாது. தமிழ் படிப்பவர்களுக்கு மட்டும் என்று யோசித்து, அளந்து எழுதிய பொய் அது. பஸ் வளைவில் திரும்பியது.  அம்மாவுக்கு அன்று அந்தப் பாணியைக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் போத்தலைப் பரிசோதகர் ஐயாவின் மேசையில் வைத்தேன். அவர் உணவு, மருந்துப் பரிசோதகர். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளைக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மெலிந்த உடம்பு. எந்நேரமும் எங்கோ பஸ்ஸைத் தவறவிடப் போகிறவரைப் போல ஒரு பரபரப்பு. லேபிளைப் படித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார்.

"பிள்ளை, இதை எங்கை வாங்கினனீங்கள்?"

சித்தியின் முகம் என் முன்னால் வந்து நின்றது. "பஸ்ல பக்கத்துல இருந்த அம்மா குடுத்தாங்க சேர்" என்றேன்.

"பஸ்ஸிலை மருந்து குடுக்கிற ஆக்களும் இருக்கினமோ?" என்று என்னைக் கூர்ந்து பார்த்தார். மேலே கேட்கவில்லை. லேபிளில் இருந்த பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது. அந்த இலக்கம் வேறு யாரோ செய்யும் தலைவலித் தைலத்துக்கு உரியது. அதைக் கேட்டதும் அவர் மேசையில் ஓங்கித் தட்டினார். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. எந்தக் கடையிலும் அந்தப் பாணி இல்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வந்தார். விற்பவர் யாரென்று தெரியாமல் யார்மீது வழக்குப் போடுவது? ஒவ்வொரு நாள் மாலையும் என் மேசையைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நிற்பார். நான் தலையைக் குனிந்து எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். ஒன்பது நாட்கள் அப்படிப் போயின.

பத்தாம் நாள், தண்ணீர்க் குழாயடியில் சித்தப்பா மயங்கி விழுந்தார். தோட்டத்து லொறியில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஓடிப்போனபோது சித்தி வார்ட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில், சித்தப்பாவின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றச் செருப்பு வரும் வழியில் எங்கோ விழுந்துவிட்டதாம். சீனி எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, காலில் இருந்த சின்னப் புண் உள்ளே அழுகிவிட்டது, இரண்டு விரல்களை எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார்.

"கிளினிக்ல குடுக்குற சீனிக் குளிசைய நிப்பாட்டி மூணு மாசமாச்சு பாப்பா" என்றார் சித்தி. குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ரெண்டையும் சேத்துக் குடிச்சா ஒத்துக்காதுன்னு வேன்காரரு சொன்னாரு. ஒங்க சித்தப்பா யோசிச்சாரு. நாந்தான் குளிசையத் தூக்கி அடுப்புல போட்டேன். நானேதான்."

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அலுவலகத்துக்குப் போனேன். பரிசோதகர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல் தந்தது சித்தி என்பதை, லயங்களுக்கு அதைக் கொடுப்பதும் அவரே என்பதை, நான் பொய் சொன்னதை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் "இந்த ஒன்பது நாளிலை இன்னும் எத்தினை வீட்டிலை குளிசையை நிப்பாட்டியிருப்பினம், பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தக் கேள்வி இன்றும் என்னிடம் இருக்கிறது. சித்தியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சித்தப்பாவின் விரல்களை நான் கொடுத்துவிட்டேனோ என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். டொக்டர் அப்படியில்லை, புண் பழையது என்றார். இருந்தாலும் மனது கேட்பதில்லை.

"சித்தியின்ரை பேர் வழக்கிலை வரும். அவவும் வித்தவதானே, அதை மறைக்க என்னாலை ஏலாது" என்றார் அவர். "ஆனா இது எங்கையிருந்து வருது எண்டு அவ சொன்னா, சாட்சியா நிக்க வழியிருக்கு."

இதைச் சித்தியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி வார்ட்டுக்குப் போனேன். முழுதாகச் சொல்லி முடிக்க அவர் விடவில்லை. "எம் பேர எழுதச் சொல்லு. மொதப் பேரா எழுதச் சொல்லு. வேனு சனிக்கெழம வரும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமையைப் போல ஒரு நாள் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில்தான் வேன் வந்து நிற்கும். பொலிஸ் ஜீப் கீழே வளைவில், பனிமூட்டத்துக்குள் மறைந்து நின்றது. பரிசோதகர் ஐயா பழைய ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாயும் போட்டுக்கொண்டு என்னுடன் மேலே நடந்து வந்தார். வேடம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் "இதிலை எவ்வளவு தூரம் நடக்கவேணும்?" என்று அவர் கேட்ட மாத்திரத்தில் எனக்குத் திக்கென்றது. வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம் தெரிந்துவிடும். "சேர், நீங்க பேசவே கூடாது. நீங்க என் மாமா. ஒங்களுக்குப் பேச்சு வராது" என்றேன். ஒரு கணம் முறைத்தார். பிறகு பக்கென்று சிரித்துவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

வேன் வந்தது. வேன்காரர் நடுத்தர வயது, வெள்ளைச் சட்டை, கையில் மைக். இனிமையான குரல். சித்தி வழக்கம்போல முன்வரிசையில் நின்றார். எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான் மாமாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் ஒரு போத்தல் கேட்டேன்.

"ஐயாவுக்குச் சீனியா?"

"ஆமாங்க. கிளினிக் குளிசை போடுறாரு. ரெண்டையும் சேத்துக் குடிக்கலாங்களா?"

"ஐயையோ, குளிசைய விட்டுறணும். லேபிளப் பாருங்க, பூரண குணம்னு போட்டிருக்கு. நாங்க சும்மா போடுவமா?"

போத்தல் கைமாறியது. அடுத்த நொடி என் ஊமை மாமா குல்லாயைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டை வெளியே வந்தது. "நான் உணவு, மருந்துப் பரிசோதகர். வேனைத் திறவுங்கோ!"

 வேன்காரர் மைக்கை எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தார். என்ஜின் உறுமியது. ஜீப் மேலே ஏறி வர இன்னும் சில நிமிடங்களாவது ஆகும். தோட்டத்துப் பாதையோ ஒரே பாதை. அப்போது சித்தி நடந்துபோய், வேனுக்கு முன்னால், ஈரத் தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எம் மேல ஏத்திக்கிட்டுப் போ" என்றார். வேன் ஒரு சாண் முன்னே வந்தது. அவர் அசையவில்லை. மடுவத்தில் நின்ற இன்னொரு பெண் கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. பிறகு எண்ணவே முடியவில்லை. பாதை முழுக்கப் பெண்கள்! ஜீப் வந்து சேர்ந்தபோது வேன்காரர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்.

வேனின் உள்ளே லேபிள் ஒட்டாத போத்தல்களும், ஒட்டுவதற்குத் தயாராகக் கட்டுக்கட்டாக லேபிள்களும், ஒரு வாளியில் பசையும் இருந்தன. அவற்றையெல்லாம் எழுதி, மாதிரியை மூன்றாகப் பிரித்து, அரக்கு வைத்து முத்திரை இடவேண்டும். மெழுகுவர்த்தி நின்று எரியவில்லை. நமுனுகுல காற்று அதை ஏற்ற ஏற்ற அணைத்தது. தீப்பெட்டியில் குச்சிகள் தீர்ந்துகொண்டு வந்தன. பெண்கள் தங்கள் இடுப்பில் தேயிலைச் செடி கிழிக்காமல் சுற்றியிருந்த படங்குகளை அவிழ்த்து, சுற்றிலும் விரித்துப் பிடித்தார்கள். அந்தப் படங்குக் கூடாரத்துக்குள் சுடர் நிமிர்ந்து நின்றது. அரக்கு உருகிப் பரிசோதகர் ஐயாவின் விரலில் சொட்டியது. அவர் கவனிக்கவே இல்லை. மூன்று முத்திரைகளும் விழுந்ததும் யாரோ கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாளிலிருந்து சித்தி தான் போத்தல் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். "தப்புப் பண்ணிட்டேன், போத்தலக் குடுத்துருங்க, கிளினிக் போங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். சிலர் ஏசினார்கள், சிலர் அழுதார்கள். மேல்லயத்தில் ஒரு பெண் மட்டும் போத்தலைத் திருப்பித் தரவில்லை. அவளும் சித்தியும் ஒரே நிரையில் கொழுந்து பறிப்பவர்கள். "அன்னிக்கு நீதான் நல்லதுன்ன. இன்னிக்கு நீயே கெட்டதுங்குற. ஒன்னோட எந்த வாய நான் நம்புறது?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். சித்தி அடுத்த வாசலுக்கு நடந்தார்.

சில வாரங்களில் ஆய்வுகூட அறிக்கை வந்தது. பரிசோதகர் ஐயா அதை நின்றபடியே வாசித்தார். கசப்புக்கு ஏதோ ஒரு சாறு, பச்சை நிறம், தண்ணீர், கூடவே நிறையச் சீனி. கசப்பை மட்டும் குடித்தால் யாரும் இரண்டாம் தடவை வாங்க மாட்டார்களாம், அதற்காகச் சேர்த்த சீனி. "சீனி வருத்தத்துக்குச் சீனியையே கரைச்சுக் குடுத்திருக்கிறாங்கள்!" என்று அவர் கத்தினார்.

இனி வழக்கில் வெல்வது சுலபம் என்றுதான் நினைத்தோம். வேன்காரர் காட்டிக்கொடுத்த உற்பத்தியாளருக்காக வந்த சட்டத்தரணி கெட்டிக்காரர். பதிவு இலக்கம் அச்சகத்தில் நேர்ந்த பிழை, அதற்கு அபராதம் கட்டுகிறோம் என்று உடனே ஒத்துக்கொண்டார். பானம் என்ற பெயரில் விற்பதற்கு மட்டும் தடை வேண்டாம் என்றார். அப்படி விட்டால் இலக்கத்தைத் திருத்திக்கொண்டு அதே போத்தல் அடுத்த மாதமே மலை ஏறிவிடும். ஆகவே எல்லாமே அந்தத் தமிழ் வரியில் தொங்கியது. சட்டத்தரணி ஓர் அகராதியைக் கொண்டுவந்திருந்தார். குணம் என்றால் இயல்பு, தன்மை, நற்பண்பு என்று வாசித்துக் காட்டினார். அந்த வரியில் நோய் தீரும் என்று எங்கேயும் இல்லை, பானம் நல்ல தன்மை உடையது என்றுதான் பொருள் என்றார். பரிசோதகர் ஐயாவைப் பார்த்து, "உங்கள் ஊரில் நோய் தீர்ந்தால் குணம் என்றா சொல்வீர்கள்?" என்று கேட்டார். ஐயா ஒரு கணம் தடுமாறினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "எங்கடை பக்கத்திலை கூடுதலாச் சுகம் எண்டுதான் சொல்லுவம்" என்றார். சட்டத்தரணி புன்னகையோடு உட்கார்ந்தார்.  எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன்.

சித்தியைக் கூப்பிட்டார்கள். தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கூண்டின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நீதவான் சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "பூரண குணம் என்பதை நீங்கள் எப்படி விளங்கிக்கொண்டீர்கள்?"

சித்தி யோசிக்கவில்லை. "கிளினிக்குல டொக்டர் தொர எம் புருசங்கிட்டக் கேப்பாருங்க, குணமான்னு. இன்னும் இல்லீங்கன்னு இவரு சொல்லுவாரு. ஒடனே இன்னொரு மாசத்துக்குக் குளிசை எழுதுவாரு. பத்து வருசமா இதுதாங்க நடந்துச்சு. இந்தப் போத்தல்ல பூரண குணம்னே எழுதியிருந்துச்சு. பொறகு எதுக்குங்க குளிசை? அடுப்புல போட்டேன். இப்ப அவருக்கு ரெண்டு வெரல் இல்லீங்க."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்தார். சட்டத்தரணி மீண்டும் எழுந்தார். "இந்தப் போத்தலை வீடு வீடாக விற்றது நீங்கள்தானே?"

"ஆமாங்க. நாந்தான். அதுக்குத் தண்டன இருந்தாக் குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா அந்த எழுத்த நான் எழுதலீங்க. எழுதுனவருக்கு அது என்னான்னு நல்லாத் தெரியும். அதனாலதானே தமிழ்ல மட்டும் எழுதுனாரு."

அதற்குப் பிறகு அகராதி திறக்கப்படவே இல்லை. ஒரு சொல்லை நம்பி மருந்தை நிறுத்தியவருக்கு அந்தச் சொல் என்ன பொருள் தந்ததோ அதையே இந்த மன்றம் ஏற்கிறது என்றார் நீதவான். உற்பத்தியாளருக்கு அபராதம், விற்பனைக்குத் தடை, கைப்பற்றிய அத்தனையும் அழிக்கப்படவேண்டும். சித்திக்கு எச்சரிக்கை மட்டும். அபராதம் எனக்குப் போதவில்லை. இருந்தாலும் நீதிமன்றப் படிகளில் இறங்கும்போது என் கால்கள் தரையில் படவில்லை. பரிசோதகர் ஐயா சித்தியிடம் ஓடி வந்தார். "அக்கா, நான் கவிழ்த்துக் கொட்டினதை நீங்கள் நிமித்தி வைச்சிட்டியள்!"

"நீங்க உள்ளதச் சொன்னீங்க. நானும் உள்ளதத்தாங்க சொன்னேன்" என்றார் சித்தி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடியும் மேல்லயத்துக்குப் போனார். கூடவே நானும் போனேன். கோர்ட்டில் ஜெயித்த கதையைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாத்திய கதவுக்கு வெளியே நின்று, "என்னோட எந்த வாயயும் நீ நம்ப வேணாம். ரத்தத்தக் குத்திப் பாரு. அந்த நம்பர நம்பு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். கிளினிக் நாளன்று அந்தப் பெண் வந்தாள். வரிசையில் நின்று, இரத்தம் குத்திக்கொண்டு, முடிவு எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிப் படித்தாள். அவளுக்கும் சீனி மிதமிஞ்சி ஏறியிருந்தது. நேரே சித்தியிடம் வந்து அந்தச் சீட்டை நீட்டினாள்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பரிசோதகர் ஐயா வவுனியாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நான் இப்போது மொனராகலையில் வேலை செய்கிறேன். அங்கே மலைக்காற்று இல்லை, வெயில்தான். சித்தப்பா தடியை ஊன்றிக்கொண்டு கோயில்வரை நடக்கிறார். பொய் மருந்துகள் இப்போது வேனில் வருவதில்லை, ஆட்களின் கைத்தொலைபேசிக்குள்ளேயே வருகின்றன. யாராவது அப்படி ஒன்றை அனுப்பினால் அதன் மூன்று மொழிகளையும் நான் ஒப்பிட்டுப் பார்த்து மேலே அறிவிக்கிறேன். ஒன்பது நாள் தாமதிப்பதில்லை. அன்றைக்கே.

போன மாதம் ஒரு மத்தியானம் சித்தி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பின்னால் பஸ் இரைச்சல். மாதம் ஒருமுறை அவரும் மேல்லயத்துப் பெண்ணும் சேர்ந்துதான் பதுளை ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். "பாப்பா, இவளுக்குச் சீனி எறங்கிருச்சு! டொக்டரே நல்லாருக்குன்னுட்டாரு!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

பக்கத்திலிருந்து அந்தப் பெண்ணின் குரல் குறுக்கே வந்தது. "ஏறுனதே ஒன்னாலதான். அதையும் சேத்துச் சொல்லு!"

"ஆமா பாப்பா, ஏறுனது என்னாலதான்" என்றார் சித்தி, குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல்.